நூறில் ஐந்து

எங்கள் லேபில் ஒரு பழைய டிசி கவுண்டர் கிடக்கிறது. கடைக்காரர் வைத்திருக்கும் கால்குலேட்டரைவிடக் கொஞ்சம் பெரியது. வரிசையாகப் பித்தான்கள், ஒவ்வொன்றும் ஒரு வகை வெள்ளணுவுக்கு. மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், நியூட்ரோஃபில் தென்பட்டால் ஒரு பித்தான், லிம்ஃபோசைட் தென்பட்டால் அடுத்தது என்று விரல் தானாகத் தட்டிக்கொண்டே போகும். நூறு ஆனதும் 'டிங்' என்று மணி அடிக்கும். லேப் டெக்னீஷியன் படிப்பான டிஎம்எல்டி முடித்துவிட்டு கிருஷ்ணகிரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த மணியைக் கேட்பதற்காகவே ஸ்மியர் (ஸ்லைடில் இழுத்த ரத்தப் பூச்சு) பார்த்த நாட்கள் உண்டு. இப்போது மெஷினே எண்ணித் துப்பிவிடுகிறது. மெஷின் சொல்வது நம்பும்படி இல்லாத நாளில் மட்டும் கவுண்டரைத் தூசி தட்டி எடுப்போம்.

2021 மே மாதம் அதைத் தினமும் எடுத்தோம்.

அதற்கு ஒரு வருடம் முன்பு எங்கள் ஊர் இருந்த இருப்பே வேறு. 2020 ஏப்ரல் கடைசியில் மத்திய சுகாதாரத் துறை மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்துப் பட்டியல் போட்டது. தமிழ்நாட்டிலேயே பச்சை ஒரே ஒரு மாவட்டம், கிருஷ்ணகிரி. ஒரு பக்கம் பெங்களூரு, இன்னொரு பக்கம் சென்னை, இரண்டுக்கும் போகிற லாரிகள் நின்று டீ குடிக்கிற ஊரில் மட்டும் கொரோனா இல்லை என்றதும் ஆளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். களி தின்ற உடம்பு என்றார் ஒருவர். மாந்தோப்புக் காற்று என்றார் இன்னொருவர். தருமபுரியில் இருக்கும் என் மச்சான் விடுவானா? அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தது எங்கள் மண்ணில்தான், உங்களுக்கு வந்தாலும் எங்களுக்கு வராது என்று போனில் வம்பிழுத்தான். அந்தப் பெருமை அதிக நாள் நிற்கவில்லை. இரண்டு பேருக்கும் வந்தது.

'எதிர்ப்பு சக்தி' என்ற சொல் மளிகைக் கடை வரைக்கும் நடந்து வந்தது அப்போதுதான். எங்கள் ஊர் கேஆர்பி அணையின் நீர்மட்டத்தைப் பேசுவது போல அதைப் பேசினார்கள். இன்றைக்கு 48 அடி, கபசுரக் குடிநீர் குடித்தால் 50 அடி, நெல்லிக்காய் தின்றால் 52 அடி, அணை நிரம்பியது, இனி பயமில்லை. எனக்கு இந்தப் படத்தோடுதான் சண்டை. அணை மட்டம் மாதிரி ஒற்றை அளவாக உடம்புக்குள் எதுவும் இல்லை என்பதை நான் தெரிந்துகொண்டது எங்கள் சித்தப்பாவின் ரத்தத்தில்.

சித்தப்பாவுக்கு சந்தூர் பக்கம் மாந்தோப்பு. பெங்களூராதான் அதிகம், ஓரத்தில் கொஞ்சம் செந்தூரா. அப்போது வயது 58, பத்து வருடமாக சர்க்கரை. மே 10ஆம் தேதி முழு ஊரடங்கு தொடங்கியபோது காய் பழுக்கக் காத்திருந்தது, அவருக்கோ காய்ச்சல் காத்திருந்தது. இரண்டாம் நாளே ஒரு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிவிட்டார். கவரில் ஐந்து வகை. அதில் பொடிசாக ஒரு வெள்ளை மாத்திரை. அதன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாம் நாள் என்னிடம் ரத்தம் கொடுத்தார். மொத்த வெள்ளணு 5,400, வைரஸைக் குறிபார்த்து அடிக்கிற வெள்ளணுவான லிம்ஃபோசைட் 21 சதவீதம். பெரியவர்களுக்கு 20 முதல் 40 வரை இருக்கலாம். "ஏன்டா, ரத்தத்துல ஒண்ணும் இல்லைல்ல?" என்றார். "ஒண்ணுமில்ல சித்தப்பா, நல்லா இருக்கு" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றைக்கும் என்னை நான் திட்டிக்கொள்வதுண்டு. மூன்றாம் நாள் ரிப்போர்ட்டை வைத்து எட்டாம் நாளுக்கு வாக்குக் கொடுக்கிற உரிமை எந்த லேப்காரனுக்கும் கிடையாது.

எட்டாம் நாள் தம்பி காரில் கூட்டி வந்தான். நாலு படி ஏறவில்லை, மூச்சு வாங்கியது. ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது, ஆட்கூலி கணக்கெல்லாம் சொன்னார். விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினால் 86. அது பழுதோ என்று என் விரலில் மாட்டிப் பார்த்தேன், 98. கையோடு கொஞ்சம் ரத்தம் மட்டும் எடுத்துக்கொண்டு, ஆக்ஸிஜன் படுக்கை கிடைத்த மருத்துவமனைக்கு ஓட்டச் சொன்னேன். டியூபை மெஷினில் வைத்தபோது கார் தெருமுனை தாண்டியிருக்கும்.

மெஷின் அச்சடித்துத் தந்த லிம்ஃபோசைட் எண்ணை நம்ப மனம் வரவில்லை. ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்து, இன்னொரு ஸ்லைடால் நாக்கு வடிவத்தில் இழுத்து, காயவைத்து, லீஷ்மன் சாயத்தை ஊற்றினேன். இரண்டு நிமிஷம். அப்புறம் பஃபர் தண்ணீர் விட்டு இன்னும் பத்து நிமிஷம். வழக்கமாக அந்தப் பத்து நிமிஷத்தில் டீ குடித்துவிட்டு வருவேன். அன்றைக்குப் பக்கத்திலேயே நின்றேன்.

ஆயில் விட்டு நூறு எக்ஸில் பார்த்தால், சாதாரண நாளில் நாலு வெள்ளணு பார்ப்பதற்குள் ஒரு லிம்ஃபோசைட் வந்துவிடும். நாவல்பழம் போல உருண்டையான, கரும் ஊதா உட்கரு. சுற்றிலும் நூலிழை அளவுக்கு நீலம். பார்க்கவே அழகு. அன்றைக்கு வரவில்லை. வந்ததெல்லாம் நியூட்ரோஃபில்கள். உட்கருவை மூன்று நான்காகக் கிள்ளி நூலில் கோத்தது போல இருப்பவை. இடையிடையே உட்கரு இன்னும் கிள்ளப்படாமல் லாடம் போல வளைந்தவை. அவை பக்குவமாகும் முன்பே எலும்பு மஜ்ஜை வெளியே தள்ளிவிட்ட பிள்ளைகள். நியூட்ரோஃபில் பித்தான் தட்டித் தட்டி விரல் வலித்தது. மணி அடித்தபோது: நியூட்ரோஃபில் 91, லிம்ஃபோசைட் 5, மோனோசைட் 4, ஈசினோஃபில் சுழி. (நம் ஊர் ரத்தத்தில் ஈசினோஃபில் சுழியாக வருவது அபூர்வம். பூச்சி, தூசி, அலர்ஜி என்று ஏதாவது ஒன்றுக்காக இரண்டு மூன்றாவது இருக்கும்.) மொத்த வெள்ளணு 11,800. கணக்குப் போட்டால் ஒரு மைக்ரோலிட்டருக்கு லிம்ஃபோசைட் 590. ஆயிரத்துக்குக் கீழே போனாலே குறைவு.

இது சித்தப்பாவுக்கு மட்டும் நடந்ததல்ல. சீனாவில் 2020 தொடக்கத்தில் 1,099 நோயாளிகளைப் பற்றி வந்த பெரிய ஆய்வறிக்கையில், மருத்துவமனைக்கு வந்த அன்றே 83.2 சதவீதம் பேருக்கு லிம்ஃபோசைட் குறைந்திருந்தது. அங்கே 1,500க்குக் கீழே எல்லாவற்றையும் குறைவு என்று எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2003இல் வந்த சார்ஸ் நோயிலும் இதே கதை. கடுமையான ஃப்ளூவிலும் உண்டு. தட்டம்மை வைரஸ் இன்னும் ஒரு படி மேலே போய் லிம்ஃபோசைட்டுக்குள்ளேயே நுழைந்து கொன்று, பழைய நோய்களின் நினைவையும் சேர்த்து அழித்துவிடும். கொரோனா வைரஸ் பெரும்பாலும் அப்படி நுழைவதில்லை. அப்படியானால் அவை எங்கே போயின?

டோல்கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நின்று எண்ணினால், அந்த நேரத்தில் ரோட்டில் ஓடுகிற வண்டிதான் கணக்கில் வரும். வீட்டு வாசலிலும் ஷெட்டிலும் நிற்பது வராது. நம் லிம்ஃபோசைட்டுகளில் நூற்றுக்கு இரண்டு மட்டும்தான் எந்த நேரமும் ரத்தத்தில் ஓடுகின்றன. மற்றவை நிணநீர் முடிச்சுகளிலும் மண்ணீரலிலும் குடலிலும் மஜ்ஜையிலும் இருக்கின்றன. நான் எண்ணுவது ரோட்டை. நுரையீரலில் தீப்பிடித்தால் ரோட்டில் போகிற வண்டியெல்லாம் அங்கே திரும்பிவிடும், டோல்கேட் வெறிச்சோடும். குறைந்ததில் ஒரு பங்கு அதுதான்.

முழுவதும் அதுவல்ல என்பதுதான் கவலை. இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்தவர்கள், மண்ணீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும்கூட லிம்ஃபோசைட்டுகள் வற்றிப்போயிருந்ததைக் கண்டார்கள். எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) செய்கிற லிம்ஃபோசைட்டுகளான பி செல்கள் கூடிப் பயிற்சி எடுக்கிற மையங்களே சிலருக்குக் காணவில்லை. ஷெட்டும் காலி. ரத்தத்தில் வெள்ளமாக ஓடும் இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் போன்ற அழற்சிச் சமிக்ஞைகள் லிம்ஃபோசைட்டுகளைத் தற்கொலைக்குத் தள்ளுகின்றன. நோயின் அழுத்தத்தில் உடம்பே சுரக்கும் கார்ட்டிசால் இன்னும் கொஞ்சத்தை ஓரங்கட்டுகிறது. மஜ்ஜையோ லிம்ஃபோசைட் வேலையை ஒத்திவைத்துவிட்டு, சீக்கிரம் செய்து தள்ளக்கூடிய நியூட்ரோஃபில்களில் இறங்கிவிடுகிறது. லிம்ஃபோசைட்டின் இன்னொரு வகையான டி செல்களில் மிச்சமிருக்கிறவற்றிலும் பல களைத்துப்போன முகத்தோடு இருக்கின்றன. பிடி-1 என்ற பிரேக் மூலக்கூறு அவற்றின் மேற்பரப்பில் ஏறி நிற்கிறது. வேலையில் மும்முரமாக இருக்கிற செல்லிலும் அந்தப் பிரேக் இருக்கும் என்பதால், அதை மட்டும் பார்த்துக் களைப்பா உழைப்பா என்று சொல்வது கஷ்டம். எனக்கு இது பிடித்த விஷயம். மே மாதத்து அரசு ஆஸ்பத்திரி நர்சுகளின் முகத்தைப் பார்த்தும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

இப்போது எதிர்ப் பக்கம். நூறில் 91 நியூட்ரோஃபில் என்றால் படை பெருத்திருக்கிறது, நல்லதுதானே என்று தோன்றும். தம்பியே போனில் அப்படித்தான் கேட்டான். நியூட்ரோஃபிலுக்கு ஒரு பழக்கம் உண்டு. கிருமியை விழுங்க முடியாதபோது தன் டிஎன்ஏவையே அவிழ்த்து வலையாக வீசிவிடும். 2004இல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். பாக்டீரியாவைப் பிடிக்க அருமையான உத்தி. ஆனால் நுரையீரலின் மெல்லிய ரத்தக் குழாய்களில் லட்சக்கணக்கில் வலை வீசினால், ரத்தம் அதில் சிக்கி உறையும். வார்டில் எல்லோருக்கும் வயிற்றில் ஒரு ஊசி போட்டார்களே, நினைவிருக்கிறதா? ரத்தம் உறையாமலிருக்க அது. கூடவே மோனோசைட்டுகள் நுரையீரலுக்குள் போய் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல்களாக மாறி, இன்னும் ஆள் அனுப்பு என்று ஓயாமல் கூவுகின்றன. காற்றறைகளில் நீர் கோக்கிறது. நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும் சிடி ஸ்கேன் ஸ்கோர் சித்தப்பாவுக்கு 25க்கு 16.

அதாவது ஒரே உடம்பில் ஒரே நாளில், குறிபார்த்து அடிக்க வேண்டியவர்கள் இல்லை, கண்மண் தெரியாமல் அடிப்பவர்கள் அளவுக்கு மேல். இதை அணை மட்டத்தில் எத்தனை அடி என்று சொல்வீர்கள்?

அப்புறம் நேரம். வைரஸ் நுழைந்ததும் முதலில் அடிக்க வேண்டிய மணி இன்டர்ஃபெரான். 1957இல் ஃப்ளூ வைரஸை வைத்துக் கோழி முட்டைச் சவ்வில் ஆராய்ந்தபோது ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டெடுத்த பொருள் அது. ஒரு செல்லில் வைரஸ் புகுந்தால் பக்கத்துச் செல்லெல்லாம் கதவைச் சாத்திக்கொள்ளும்படி சொல்வது அதன் வேலை. கடுமையாக நோயுற்ற பலருக்கு இந்த மணி தாமதமாக அடிக்கிறது அல்லது மெலிதாக அடிக்கிறது. அதற்குள் வைரஸ் நுரையீரல் முழுக்கப் பரவிவிடுகிறது. பிறகு மொத்தப் படையும் ஒரே நேரத்தில் வந்து குவிகிறது. 2020இல் உயிருக்குப் போராடிய 987 பேரைச் சோதித்தபோது 101 பேரின் ரத்தத்தில் இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. தன் வீட்டு மணியின் நாக்கைத் தானே பிடுங்கியிருந்த ரத்தம். அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். எதிர்ப்பொருள் என்றாலே நல்லது, எதிர்ப்பு சக்தி கூடுதல் என்று நினைக்கிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வது.

வெள்ளை மாத்திரைக்கு வருகிறேன். தம்பி கவரைப் படம் எடுத்து அனுப்பினான். ஸ்டீராய்டு. காய்ச்சல் வந்த இரண்டாம் நாளில், ஆக்ஸிஜன் 97 இருந்தபோது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. கடுமையான கொரோனாவில் உயிர் காக்கும் என்று முதலில் உறுதியாக நிரூபிக்கப்பட்டது டெக்ஸாமெத்தசோன்தான். 2020 ஜூனில் இங்கிலாந்தில் ரெகவரி ஆய்வின் முடிவு வந்தது. தினம் 6 மில்லிகிராம், பத்து நாள் வரை. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆக்ஸிஜனில் இருந்தவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பயன் ஏதும் தெரியவில்லை. விலையோ அற்பம். மூட்டை மூட்டையாகப் பணம் கொட்டித் தேடிய மற்ற ஊசிகளையெல்லாம் நினைத்தால் சிரிப்பு வரும், அப்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கூட்டம் கட்டுமீறி அடிக்கத் தொடங்கிய பிறகு அதை அடக்க ஸ்டீராய்டு. முதல் வாரத்தில், வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்போது கொடுத்தால், அடங்கிப்போவது நமக்கு அப்போது வேண்டிய காவல். சர்க்கரைக்காரருக்கு இன்னொரு வினையும் உண்டு, சர்க்கரை எகிறும். சித்தப்பாவுக்கு அன்று 412. பூஞ்சையைத் தின்ன வேண்டிய நியூட்ரோஃபிலும் மேக்ரோஃபேஜும், சர்க்கரை மிதமிஞ்சிய ரத்தத்தில், ஸ்டீராய்டும் சேர்ந்துகொண்டால், எண்ணிக்கையில் எத்தனை இருந்தாலும் மந்தமாகிவிடும். கறுப்புப் பூஞ்சை அந்தக் கோடையில் இந்தியாவை உலுக்கியதற்கு இது பெரிய காரணம். தினமும் டார்ச் அடித்து மேல் அண்ணத்தைப் பார்க்கச் சொல்லித் தம்பியைப் படுத்தி எடுத்தேன். நல்லவேளை, வரவில்லை.

அந்த மாத்திரை என் ரிப்போர்ட்டையும் குழப்பியது. வார்டு டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி, "ஸ்டீராய்டு ஏற்கனவே போட்டாச்சா?" ஸ்டீராய்டு தானே லிம்ஃபோசைட்டை ரத்தத்திலிருந்து ஒதுக்கும், நியூட்ரோஃபிலை ரத்தத்துக்குள் இழுத்துவிடும். ஈசினோஃபிலையும் விரட்டும். ஆக அந்த ஐந்தில் நோயின் பங்கு எவ்வளவு, மெடிக்கல் ஷாப்பின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க எங்களிடம் வழியில்லை. நான் உயிரைக் கொடுத்து எண்ணிய எண்ணை அவர் ஒரே கேள்வியில் பாதியாக்கிவிட்டார். கோபம் வந்தது, ஆனால் கேள்வி சரி. என் வேலையில் எண்ணுவது பாதிதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

பதினாறு நாள் ஆஸ்பத்திரியில். பாதி நாள் குப்புறப் படுக்கவைத்தார்கள். நியூட்ரோஃபிலை லிம்ஃபோசைட்டால் வகுத்து வரும் விகிதத்தைத் தினமும் கேட்பேன். நலமாக இருக்கிறவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்றுக்குள் இருக்கும். அவருக்கு 18இல் தொடங்கியது. 22க்குப் போய், இரண்டு நாள் அங்கேயே நின்று, பிறகு 14, 9, 6. தோப்பில் அவர் இல்லாமலே காய் இறங்கியது. என்ன விலைக்குப் போனது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. வீடு வந்தபின் அவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான், சொன்னதும் கொஞ்ச நேரம் ஆக்ஸிமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் கடைசியில் லிம்ஃபோசைட் 24. ஆகஸ்டில் 28. பெரும்பாலானவர்களுக்கு எண்ணிக்கை சில வாரங்களில் மீண்டுவிடுகிறது. எண்ணிக்கை மீண்டால் எல்லாம் மீண்டதாகாது. கடுமையாக நோயுற்றவர்களின் மஜ்ஜையில் வெள்ளணுக்களைப் பெற்றெடுக்கும் தாய் செல்களிலேயே நோயின் தழும்பு ஒரு வருடம் வரை நின்றதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். என் மைக்ரோஸ்கோப்பில் அது தெரியாது. நல்ல தழும்பும் உண்டு. 1918 ஃப்ளூவில் தப்பிப் பிழைத்து, 91 முதல் 101 வயது வரை ஆகியிருந்த 32 பேரின் ரத்தத்தை எடுத்துச் சோதித்து 2008இல் எழுதினார்கள். தொண்ணூறு வருடம் கழித்தும் அந்த வைரஸை அடையாளம் கண்டுகொள்ளும் எதிர்ப்பொருள்கள் அவர்களிடம் இருந்தன. சிலரின் பி செல்களை எடுத்து வளர்த்தால் இன்னும் அதைச் செய்து காட்டின. எண்ணிப் பார்த்தால் அந்த நினைவுச் செல்கள் மிக மிகச் சிலதான் இருக்கும். எங்கள் டிசி கவுண்டரில் நூறுக்கு எண்ணினால் ஒன்றுகூடச் சிக்காது.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் ஒரு நாள் தோப்பில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னேன். டோல்கேட் உதாரணம் அவருக்கு ரொம்பப் பிடித்தது. எல்லாம் கேட்டுவிட்டு, "சரிடா, எனக்கு இப்ப எதிர்ப்பு சக்தி எவ்ளோ இருக்குன்னு ஒரு டெஸ்ட் போட்டுரு" என்றார். அப்படி ஒரு டெஸ்டே இல்லை என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.

போன மாசம் லேபுக்கு வந்து மடித்த தாளை நீட்டினார். வேறொரு லேபில், எதிர்ப்பு சக்தி பேக்கேஜ் என்று 1,800 ரூபாய் கொடுத்து எடுத்திருக்கிறார். வைட்டமின் டி, அழற்சியைக் காட்டும் சிஆர்பி, துத்தநாகம், கூடவே ரத்த அணுக்களை எண்ணும் சாதாரண சிபிசி. எங்கள் லேபில் சிபிசி 250 ரூபாய், அவருக்கு அதுவும் கிடையாது.

"பார்த்துச் சொல்லு" என்றார். பார்த்தேன். லிம்ஃபோசைட் 31.